மேர்வினின் இடது கண்

மேர்வின் வேலை செய்த ஐஸ் பெக்டரி ஆற்றங்கரையில் இருந்தது. அரசாங்கப் பலகையில் அந்தத் தண்ணீருக்கு வாவி என்று பெயர். கரையில் வலை வீசுகிறவர்களும் மீன் ஏற்றுகிறவர்களும் ஆறு என்றுதான் சொல்வார்கள். தகரக் கூரை, உப்புக் காற்று அரித்த கதவு, உள்ளே நீளமான ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி. தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீரை நிறைத்து அந்தத் தொட்டிக்குள் இறக்கிவிட்டால் மறுநாள் ஐஸ் பாராக மேலே வரும். மேர்வின் அங்கே மெசின் ஒப்பரேட்டர்.

அவனுடைய மனைவி டினோஷா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். கலியாணம் முடித்த புதிதில் அவள் ஒரு நாள் பெக்டரியைப் பார்க்கப் போனபோது அவன் குழாய்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

“இதுக்குள்ளதான் அமோனியா ஓடுது. இஞ்ச தண்ணியா வரும். அங்க போய்க் கொதிச்சிக் காத்தாப் போகும். போகக்குள்ள தொட்டியில இரிக்கிற சூட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகும். மறுகா கொம்பிரசர் அத நெருக்கித் தண்ணியாக்கி அனுப்பும். நான் வேலைக்கு வந்த நாளில இருந்து இதே அமோனியாதான் சுத்திக்கிட்டு இரிக்கி.”

அதை அவள் வருசா வருசம் ஆண்டு எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். திரவம் வாயுவாகிறது, வாயு திரும்பத் திரவமாகிறது, பொருள் மாறவில்லை, நிலைதான் மாறுகிறது, ஆகவே இது பௌதிக மாற்றம். “எங்கட வீட்டுக்காரர் வேலை செய்யிற இடத்தில” என்று அவள் தொடங்கினாலே பிள்ளைகள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னால் மேர்வினுக்குப் பெருமையாக இருக்கும்.

பெக்டரிக்கு ஐஸ் எடுக்க வருகிறவர்களில் ஏறாவூர் அசனார் காக்காவும் ஒருவர். பனிச்சங்கேணிப் பக்கம் மீன் எடுத்து, பட்டா லொறியில் ஐஸ் போட்டு மலைநாட்டுக்கு அனுப்புகிற வியாபாரம். மேர்வினை விட மூப்பு, அண்ணன் முறையில் காக்கா என்பான். ஐஸ் ஏற்றி முடிந்ததும் அவனோடு பிளேன்டீ குடிக்காமல் போகமாட்டார். ரம்ழானுக்கு வட்டிலப்பம் கொண்டுவருவார். மேர்வின் நத்தாருக்குக் கேக் அனுப்புவான். பெரிய சிநேகிதம் என்று இருவரும் சொன்னதில்லை. தினமும் காண்கிறவர்கள், அவ்வளவுதான்.

மாமாங்கக் கோயில் ஆடித் திருவிழா நடந்துகொண்டிருந்த கிழமை அது. அமிர்தகழியில் இவர்களுடைய வீட்டு ஒழுங்கைக்குள்ளும் கடைக்காரர் கூடாரம் போட்டிருந்தார்கள். தாகசாந்திப் பந்தல்களுக்கும் சர்பத் கடைகளுக்கும் ஐஸ் போதாமல் பெக்டரி ஓய்வில்லாமல் ஓடியது. ஒரு வால்வு கசிகிறது, மாற்ற வேண்டும் என்று மேர்வின் முதலாளியிடம் சொல்லியிருந்தான். திருவிழா முடியட்டும் என்றார் முதலாளி.

அன்று காலை பதினொரு மணியளவில் டினோஷா ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அதிபர் வாசலில் வந்து நின்று, “டீச்சர், ஆசுப்பத்திரிக்கு ஒருக்காப் போகணும். நான் ஓட்டோவுக்குச் சொல்லிட்டன்” என்றார். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் விடைத்தாளை அப்படியே விட்டுவிட்டு எழும்பினாள்.

நடந்ததை அவள் பிறகு பெக்டரியில் வேலை செய்தவர்களிடம் கேட்டுத்தான் அறிந்தாள். வால்வு லொறி டயர் வெடித்ததுபோலச் சத்தத்தோடு கழன்றது. குழாயிலிருந்து திரவமாகப் பீறிட்ட அமோனியா வெளிக்காற்றில் பட்டதும் வாயுவாகப் பொங்கி, உள்ளே வெள்ளைப் புகையாக நிறைந்துவிட்டது. எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். மேர்வினும் வந்துவிட்டான். வெளியே நின்றவர்களைப் பார்த்தபோதுதான் அசனார் இல்லை என்று தெரிந்தது. அவர் பின்னால் ஐஸ் அடுக்குகிற அறையில் நல்ல ஐஸ் பார்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்தவர்.

மேர்வின் ஒரு துவாயை வாளித் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். போகாதே என்று பிடித்தவனின் கையை உதறிவிட்டுப் போனானாம். கொஞ்ச நேரத்தில் அசனாரைக் கக்கத்துக்குள் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து விழுந்தான்.

அமோனியா ஈரத்தைத் தேடிப் போகும். நனைந்த துவாய்க்குள் புகுந்து அங்கேயே கரைந்து நின்றுவிட்டதால் மேர்வினின் நெஞ்சு தப்பியது. கண்ணும் ஈரம்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளைத் தேட முடியாது. அசனாருக்குத் துவாயும் இல்லை. அவர் புகையை நெஞ்சு நிறைய இழுத்திருந்தார்.

ஆசுப்பத்திரியில் மேர்வினின் கண்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். கண் டொக்டர் டினோஷாவை வெளியே கூப்பிட்டார். இளம் ஆள், யாழ்ப்பாணத்தவர்.

“நீங்கள் சயன்ஸ் டீச்சர் எண்டு சொன்னவை. அப்ப ஒளிக்காமச் சொல்லுறன். நெருப்புச் சுட்டா சுட்டதோட நிக்கும். இது நிக்காது. அமோனியா கண்ணில இருக்கிற தண்ணியோட சேர்ந்து காரமா மாறி உள்ளுக்க போகும். கழுவின பிறகும் போகும். கருவிழி ரெண்டும் வெள்ளையாயிட்டுது.”

“திரும்பி வருமா டொக்டர்?”

“இப்ப ஒண்டும் சொல்லேலாது” என்றார். முட்டை வெள்ளைக்கரு வெந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. அவளாகவே நினைத்தாள், நினைத்த பிறகு அதை மனதிலிருந்து எடுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஆட்கள் கூடி நிற்பதை டினோஷா கண்டாள். தொப்பி போட்ட ஆண்கள். ஒரு பெண்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அசனார் மவுத்தாகிவிட்டார் என்று ஒருவர் இன்னொருவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னேரத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்று எல்லாம் அவசரமாக நடந்தது.

அவள் வாட்டுக்குத் திரும்பி வந்தாள். இரண்டு கண்ணிலும் கட்டோடு மேர்வின் படுத்திருந்தான். செருப்புச் சத்தத்திலேயே அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

“டினோ, காக்கா எப்பிடி?”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்தாள்.

“இரிக்கார்” என்றாள்.

“கதைக்கிறாரா?”

“இல்ல. நெஞ்சு ஏலாதாம். கதைக்கக் கூடாதாம்.”

மேர்வின் மூச்சு விட்டான். உதடு கோணியது. அழுகிறானா என்று பார்த்தாள், இல்லை. சிரித்தான்.

“அப்ப பறவாயில்ல” என்றான். “ஒண்டுக்கும் ஆகாமப் போகல்ல.”

அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு வேண்டாம், கட்டவிழ்த்த பிறகு சொல்வோம் என்று நினைத்தாள். கட்டவிழ்த்தார்கள். மேர்வினுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிந்தது. அன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பொய்யை வளர்க்க வேண்டியிருந்தது. அசனார் காக்கா புத்தளத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார் என்றாள். கடல் காற்று நெஞ்சுக்கு நல்லதாம், போனில் கதைத்தால் மூச்சு வாங்குமாம். பெக்டரிக்காரர் பார்க்க வந்தால் ஒழுங்கை முகப்பிலேயே மறித்துச் சொல்லிவிடுவாள். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பாவம், அந்த நினைப்பாவது இருக்கட்டும் என்றார்கள். மகள் மதுஷாவுக்கு வயது பத்து. அவளையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தாள்.

“அப்பா கேட்டா, காக்கா புத்தளத்தில எண்டு சொல்லணும். சரியா?”

மதுஷா தாயைப் பார்த்தாள். “எத்தின நாளைக்கும்மா?” என்று கேட்டாள்.

டினோஷா வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

மேர்வின் வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடக்கப் பழகினான். தேத்தண்ணிக் கோப்பையை நிறைக்காமல் கொடுக்க வேண்டும் என்று அவள் பழகினாள். பெக்டரி புதுக் குழாய் போட்டு மறுபடியும் திறந்தது. ஆற்றங்கரையிலிருந்து கொம்பிரசர் சத்தம் காற்று வாட்டத்தில் கேட்கும்போது அவன் தலையைச் சரித்துக் கேட்பான். “லோட் கூட” என்பான். “ஆரு ஓட்டுறான் எண்டு தெரியல்ல. இப்பிடி ஓட்டப்படாது.” ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அசனாரைப் பற்றிக் கேட்பான். அவர் தேறி வருகிறார் என்று கேட்டால் அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடச் சாப்பிடுவான். டினோஷா அசனாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டு வந்தாள். இப்போது நடக்கிறாராம் என்றாள். கஞ்சி விட்டுச் சோறு சாப்பிடுகிறாராம் என்றாள்.

மார்கழி மழையில் ஒரு பின்னேரம் படலையடியில் ஒரு பெண் குடையோடு வந்து நின்றாள். கறுப்பு அபாயா, காலெல்லாம் சேறு. மேர்வின் உள்ளே றேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். டினோஷா ஓடிப்போய்ப் படலையைத் திறக்காமல் நின்றாள்.

“டீச்சர்தானே? நான் அசனார்ட வீட்டுக்காரி. சபீனா.”

டினோஷா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“முந்தி வர ஏலாமப் போச்சி. இத்தா இருந்தன். மனிசன் மவுத்தானா நாங்க வீட்ட விட்டு வெளிய வாறல்லதானே. முந்தநாள்தான் முடிஞ்சது. தம்பிய ஒருக்காப் பாக்கணும். ஒரே ஒரு விசயம் கேக்கணும்.”

“ராத்தா, மெல்லக் கதைங்க.” டினோஷா குரலைத் தணித்தாள். “அவருக்குத் தெரியா. நான் சொல்லல்ல. காக்கா உசிரோட இரிக்கார் எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்கார்.”

சபீனா விளங்காதவள்போல நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் அவளுடைய தோளில் ஒழுகியது.

“அப்ப இந்த வீட்டில என்ட மனிசன் இன்னும் மவுத்தாகல்ல” என்றாள்.

“என்ன மன்னிச்சிக்கங்க. அவர் அந்த நினைப்பிலதான் எழும்பி நடக்கார்.”

“கடைசியா அவரோட நிண்டது தம்பிதான். வேற ஆரிட்டயும் கேக்க ஏலா. அதுக்குத்தான் இவ்வளவு நாளும் பொறுத்து இருந்தன்.”

“இப்ப ஏலா ராத்தா. அவருக்குக் கண் ஒப்பரேசன் செய்ய இரிக்கி. அதுக்குப் பிறகு பாப்பம்.”

சபீனா வற்புறுத்தவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மழைக்குள் பஸ் தரிப்பிடம் இருந்த பக்கம் நடந்தாள். டினோஷா உள்ளே வந்தபோது மேர்வின், “ஆரு?” என்று கேட்டான்.

“பாய் விக்கிற மனிசி” என்றாள்.

அந்த நத்தாருக்கு மேர்வின் காக்காவுக்குக் கேக் அனுப்பச் சொன்னான். புத்தளத்துக்கு யாராவது போனால் கொடுத்துவிடு என்றான். அவள் கேக்கைச் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தாள். எறும்பு மொய்த்தது. ஒரு காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் போட்டாள்.

புதுத் தவணையில் ஆண்டு எட்டுக்கு மாற்றங்கள் பற்றிய பாடம் வந்தது. டினோஷா ஒரு மெழுகுதிரியை மேசையில் கொளுத்தி வைத்தாள். உருகுகிற மெழுகு ஆறினால் திரும்பவும் மெழுகுதான், அது பௌதிக மாற்றம் என்றாள். திரியில் எரிகிற மெழுகு திரும்பி வராது, அது புகையும் ஆவியுமாக வேறு பொருளாகிவிட்டது, அது இரசாயன மாற்றம். ஒரே மெழுகுதிரியில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கும் என்றாள். அமோனியாவை அந்த வருசம் அவள் உதாரணமாகச் சொல்லவில்லை.

முன்வாங்கில் இருந்த ஆர்த்திகா கையை உயர்த்தினாள். கெட்டிக்காரி, மனதில் பட்டதைக் கேட்கிற பிள்ளை.

“டீச்சர், உங்கட வீட்டுச் சேர்ட கண்ணுக்கு நடந்தது எது?”

பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்தாள்.

“இரசாயன மாற்றம்” என்றாள் டினோஷா.

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் குனிந்து கொப்பியில் எழுதினார்கள். அவள் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு மணி அடிக்கும்வரை யன்னலடியில் நின்றாள்.

மாசி மாதம் கொழும்பில் மேர்வினின் இடது கண்ணுக்கு ஒப்பரேசன் நடந்தது. இறந்துபோன யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த கருவிழி. வலது கண்ணில் செய்து பயனில்லை என்றார்கள். கட்டை அவிழ்த்தபோது அவன் முதலில் டொக்டரின் விரல்களைக் கண்டான். பிறகு தலையைத் திருப்பி டினோஷாவைப் பார்த்தான்.

“நீ சரியா மெலிஞ்சி போயிட்டாய்” என்றான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான், கண்ணுக்கு ஆகாது என்று நேர்ஸ் ஏசினாள்.

திரும்பி வரும்போது பகல் ரயிலில் அவனுக்கு யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தான். மாடு, சிக்னல் கம்பம், வெட்டி முடித்த வயல்வட்டை, தண்ணீர்ப் போத்தல் விற்கிறவனின் சேட்டு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். வாழைச்சேனை தாண்டியதும் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

ஏறாவூரில் ரயில் நின்றது. மேர்வின் பலகையில் ஊரின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். உடனே எழும்பிவிட்டான்.

“இறங்குவம். காக்கா வந்திரிப்பார். நோன்பு கிட்டுதே, புத்தளத்தில நிக்க மாட்டார். ஒருக்காப் பாத்திட்டு பஸ்ஸில போவம்.”

“இருங்க.”

“சுறுக்கா வா, எடுக்கப் போறான்.”

“இருங்க, நான் சொல்லுறத்தக் கேளுங்க.” அவள் அவனுடைய கையைப் பிடித்து இழுத்து இருக்க வைத்தாள். “அசனார் காக்கா இல்ல. மவுத்தாப் போயிட்டார்.”

“எப்ப?”

“அப்பவே. மூணாம் நாள்.”

ரயில் கூவிவிட்டுப் புறப்பட்டது. எதிர் இருக்கையில் இருந்த ஒரு மனிதர் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்தினார். மேர்வின் யன்னலைப் பிடித்துக்கொண்டான்.

“கஞ்சி விட்டுச் சோறு சாப்பிடுறார் எண்டாய்” என்றான்.

அவள் மடியில் இருந்த மருந்துப் பையின் வாயை மடித்தாள்.

“கேக் குடுத்தன் எண்டாய். நல்லா இரிக்கி எண்டு சொன்னார் எண்டாய்.”

“உங்களுக்காகத்தான்…”

“கண் தெரியாதவனுக்கு என்னத்தையும் சொல்லலாம் எண்டு நினைச்சிட்டாய்.”

அதற்குப் பிறகு அவன் மட்டக்களப்பு வரும்வரை வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. மதுஷாவிடம் மட்டும் இரண்டொரு வார்த்தை பேசுவான். அவளும் பொய் சொன்னவள்தான் என்றாலும் குழந்தை என்று விட்டுவிட்டான். காலையில் எழும்பி ஆற்றங்கரைக்குப் போய்த் தோணிகளைப் பார்த்துக்கொண்டு இருப்பான். டினோஷா சாப்பாடு வைத்தால் சோற்றைப் பார்ப்பான், அவளைப் பார்க்க மாட்டான். அவள் அறைக்குள் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவான். பங்குனி முழுவதும் இப்படியே போனது. அந்தக் கண் எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் அவன் சேட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“ஏறாவூருக்குப் போகணும். நீயும் வா.”

ராத்தா மழையில் வந்து திரும்பிப் போனதை அவள் அப்போதுதான் சொன்னாள். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

சபீனாவின் வீட்டில் அவர்களை முன் அறையில் இருத்தினார்கள். மகள் பர்ஸானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஆசுப்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அவள்தான். சபீனா உள் கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கு இப்பதான் தெரியும் ராத்தா” என்றான் மேர்வின். “தெரிஞ்சிரிந்தா முந்தியே வந்திரிப்பன்.”

“பறவாயில்ல தம்பி. வந்திட்டீங்கதானே.” சபீனா முந்தானையை விரலில் சுற்றினாள். “அண்டைக்கு அவருக்குக் காய்ச்சல். போக வேணாம் எண்டன். கேக்கல்ல. நான் ஏசிப் போட்டன். காலச் சாப்பாடும் திண்ணாமப் போனவர். மறுகா மனம் கேக்காமப் போன் எடுத்தன். எடுத்து எடுத்துப் பாத்தன். ஆன்சர் இல்ல. கோவத்தில எடுக்கல்ல எண்டு நினைச்சி எனக்கும் கோவம் வந்திட்டு. கடைசியா வேற ஆரோ எடுத்து விசயத்தச் சொன்னாங்க. அவருக்குப் போன் அடிச்சது கேட்டதா தம்பி? கோவத்திலதான் எடுக்காம இருந்தாரா? அண்டைக்கு மழையில அதத்தான் கேக்க வந்தன்.”

மேர்வின் கோப்பையைக் கீழே வைத்தான்.

“ராத்தா, உள்ளுக்க ஒண்டும் தெரியல்ல. என்ட கையே எனக்குத் தெரியல்ல. கண் எரிஞ்சி மூடிப் போயிட்டு. காக்கா எந்தப் பக்கம் எண்டு தெரியாம நான் சுவரத் தடவிக்கிட்டு நிண்டன். திரும்பிப் போவம் எண்டும் நினைச்சன். அப்பதான் போன் அடிச்சது. ஐஸ் அறைக் கதவுக்குப் பின்னால. அந்தச் சத்தத்தப் பிடிச்சிக்கிட்டுத்தான் போனன். நிண்டுட்டு மறுகாவும் அடிச்சது. போய்த் தொட்டா அவர்ட சேட்டுப் பொக்கற்.”

சபீனாவின் விரலில் சுற்றியிருந்த முந்தானை அவிழ்ந்தது.

“வெளிய கொண்டுவந்து போட்டு எங்க ரெண்டு பேருக்கும் தண்ணி ஊத்தினாங்க. எனக்குப் பார்வை போயிட்டு. அவர்ட கையப் பிடிச்சிக்கிட்டுப் படுத்திரிந்தன். அவரால கதைக்க ஏலா. மறுகா போன் அடிச்சது. அவர் என்ட கையையும் இழுத்துக்கிட்டுப் போய்ப் பொக்கற்றுக்கு மேல வச்சார். வச்சி அமத்திக்கிட்டு இருந்தார். போன் துடிக்கிறது என்ட கைக்குத் தெரிஞ்சது. அடிச்சி முடியுமட்டும் கைய எடுக்கல்ல.”

“இன்னொருக்காச் சொல்லுங்க தம்பி” என்றாள் சபீனா.

அவன் இன்னொரு முறை சொன்னான், அதே வார்த்தைகளில். பர்ஸானா உள்ளே போய்விட்டாள். சபீனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். அழுது முடிந்ததும் டினோஷாவைப் பார்த்தாள்.

“டீச்சர், இத மார்கழியிலயே கேட்டிரிந்தா…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டாள்.

டினோஷா தலை குனிந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அதை ஒரு தரம் படலையடியில் சொல்லியாயிற்று.

அன்றைக்குப் பிறகு மேர்வின் அவளோடு பேசத் தொடங்கினான். உப்புக் காணாது, மதுஷாவுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்ற அளவில்தான் பேச்சு இருந்தது. ஆனாலும் பேசினான். அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நாள் போனால் எல்லாம் பழையபடி வரும் என்று நினைத்தாள்.

வைகாசி வெயிலில் ஒரு நாள் அவன் முகம் கழுவிவிட்டு வந்து, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல இருக்கிறது என்றான். தூசியாக இருக்கும் என்றாள். மறுநாளும் அப்படித்தான் இருந்தது. கிழமை முடிவதற்குள் மதுஷாவின் முகத்தில் மூக்கும் வாயும் கரைந்துவிட்டன. மருந்து விட்டுப் பார்த்தார்கள். பிறகு கொழும்புக்குப் போனார்கள்.

பெரிய டொக்டர் சிங்களவர், வயதானவர், மிகவும் அன்பானவர். கண்ணை நெடுநேரம் கருவிக்குள் பார்த்தார். பிறகு சிங்களத்திலும் இங்கிலீசிலும் மெதுவாக டினோஷாவிடம் பேசினார். மேர்வினுக்குச் சிங்களம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விளங்கும். அவன் இருவர் குரலுக்கும் நடுவில் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். டொக்டர் கடைசியில் அவனுடைய தோளில் கை வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே நீண்ட விறாந்தை. வாங்குகளில் கண் கட்டிய மனிதர்கள் வரிசையாக இருந்தார்கள். டினோஷா அவனை ஒரு தூணடிக்குக் கூட்டி வந்தாள்.

“என்னவாம்?” என்றான்.

மருந்து மாற்றித் தந்திருக்கிறார், பார்ப்போம் என்றாராம். அப்படி ஒரு வசனம் அவளுடைய வாயில் தயாராக வந்து நின்றது. ஒரு மாதத்துக்குப் போதுமான வசனம். அவள் அதை விழுங்கினாள்.

“வச்ச கருவிழி செத்துப் போச்சாம். கண்ணுக்க அமோனியா பட்ட இடம் புதுசா ஒண்டையும் வாழ விடாதாம். இன்னொண்டு வச்சாலும் இதேதானாம். இனி ஒப்பரேசன் இல்லயாம்.”

“முழுக்கப் போயிருமா?”

“ஓம். கொஞ்ச நாளில.”

அவன் தலையாட்டினான். தூணைத் தடவினான்.

“குறைச்சி ஒண்டும் சொல்லல்லயே?”

“இல்ல. அவர் சொன்ன எல்லாத்தையும் சொல்லிட்டன்.”

பக்கத்தில் ஒரு தாய் குழந்தையின் கண்ணில் மருந்து விட முடியாமல் போராடிக்கொண்டிருந்தாள். குழந்தை அலறியது. அந்தச் சத்தம் அடங்கியதும் மேர்வின் அவள் பக்கம் திரும்பினான்.

“பங்குனி மாசம் முழுக்க உன்ட முகத்தப் பாக்காம இருந்திட்டன்” என்றான்.

“நான் செய்த வேலைக்கு நீங்க கோவிக்காம என்ன செய்யிற?”

“கோவிச்சது கோவிச்சதுதான். பாத்துக்கிட்டுக் கோவிச்சிரிக்கலாம்.”

அவன் அவளை விறாந்தையிலிருந்து முற்றத்து வெயிலுக்கு இழுத்து வந்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு காவலாளி வழியை மறிக்க வேண்டாம் என்று சிங்களத்தில் சத்தம் போட்டான். மேர்வின் அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து வெளிச்சம் விழுகிற பக்கம் திருப்பி, முகத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து இடது கண்ணால் பார்த்தான். அவள் இமை கொட்டாமல் நின்றாள்.

“என்ன தெரியிது?” என்று கேட்டாள்.

“முகம் வெள்ளையாத்தான் இரிக்கி. சாரி தெரியிது. பச்சைதானே?”

அவள் தன்னுடைய சாரியைக் குனிந்து பார்த்தாள்.

“நீலம்” என்றாள்.